எதிரொலி ஏன் தாமதம்?

சனிக்கிழமைக்குச் சாவுச் சடங்கு குறித்திருந்தது. செவ்வாய்க்கிழமை, செத்தவரிடமிருந்து கேசட் வந்தது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே மென்சிமா பைடூ அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அக்ராவின் கனேஷிச் சந்தைக்கு எதிரே உதிரிபாகக் கடை மாடியில் இருக்கும் அராபா குவைனூவின் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். வந்தவள் முதலில் ஒரு போஸ்டரை மேசைமேல் விரித்தாள். கோட்டும் டையும் போட்ட ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். எபோ பைடூ, வயது நாற்பத்தாறு, நியூயார்க்கில் காலமானார், சடங்கு மாம்ப்ரொபியில் உள்ள இல்லத்தில், காலை பத்து மணிக்கு என்று அச்சடித்திருந்தது. அதன்மேல் அமெரிக்க ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு உறையை வைத்தாள். ஏப்ரல் மாத முத்திரை. இப்போது ஜூன்.

"என் புருஷன் செத்துட்டாரா இல்லையா? சனிக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும்" என்றாள்.

அராபா பன்னிரண்டு வருடம் வானொலியில் ஒலிப்பதிவு செய்தவள். பொய் சொல்லும்போது மனிதக் குரல் எங்கே இறுகும் என்று அங்கே கற்றுக்கொண்டு, பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டாள். அவளுக்கு ஓட்டுநர், காவலாளி, உதவியாளர், சமயத்தில் தலைவலி என்று எல்லாமே சோவா என்கிற ஒரே ஆள்தான். ஐம்பத்தெட்டு வயது, முப்பது வருட டாக்சி அனுபவம். வாயை மூடிக்கொண்டு ஓட்டினால் வண்டி நின்றுவிடும் என்று உறுதியாக நம்புகிறவர்.

"போஸ்டர் எல்லாம் அடிச்சாச்சே, அக்கா. இப்ப உயிரோட வந்தா அச்சாபீஸ்காரன் சண்டைக்கு வருவான்" என்றார் சோவா.

அராபா முறைத்தாள். மென்சிமா மட்டும் கோபப்படவில்லை. அழுது முடித்தவர்களுக்கு வரும் ஒரு நிதானம் அவளிடம் இருந்தது.

விஷயம் இதுதான். எபோ ஒரு கீபோர்டு வித்வான். எண்பத்தேழில் அமெரிக்கா போனார். கடிதம் வராது, கேசட்தான் வரும். நாலு வார்த்தை பேசிவிட்டு நாற்பது நிமிடம் வாசித்து அனுப்புவார். மூன்று வாரத்துக்கு முன்னால் அங்கேயிருந்து அவருடைய நண்பர் டேனியல் அன்சா போன் செய்தார். மாரடைப்பு, அங்கேயே எரித்துவிட்டோம், சாம்பலை அனுப்ப வழியில்லை என்றார். எபோவின் தாய்மாமன் உடனே நாள் குறித்துவிட்டார்.

"கேசட் தபால்ல தூங்கிட்டு லேட்டா வந்திருக்குன்னு மாமா சொல்றார். இருக்கலாம். நீங்க கேட்டுப் பாருங்க."

அராபா கேசட்டைப் போட்டாள். ஒரு ஆண் குரல், களைத்த குரல். "குக்குவா பரீட்சைல பாஸாயிட்டாளாமே. என் செல்லத்துக்கு இது." அவ்வளவுதான். அதற்குப் பிறகு வாத்தியம் பேசத் தொடங்கியது. பழைய சிந்தசைசர். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான் எழும்பும், தடித்த, சூடான சத்தம். ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால், ஏறக்குறைய மறந்துபோன நேரத்தில், அதன் எதிரொலி மங்கலாக வந்து சேர்ந்தது.

"ரிசல்ட் எப்ப வந்தது?"

"மார்ச்ல."

"அப்ப இது மார்ச்சுக்கு அப்புறம் பதிஞ்சது. எக்கோவுக்கு, சத்தத்தை டேப்ல பதிஞ்சு திருப்பிச் சொல்ற நாடா பெட்டி போட்டிருக்கார். இந்தக் காலத்துல யாரு இதை வெச்சுக்கிட்டு மாரடிக்கிறாங்க?"

மென்சிமா முதன்முறையாகச் சிரித்தாள். "அது நான் சேத்து வெச்ச ஜோடி. எண்பத்திரண்டுல வாத்தியம் வாடகைக்கு விடுற கடைல வேலை பாத்தேன். இவர் அந்த சிந்தசைசரைத் தூக்கிட்டு வந்தார். எண்ணெய் போடாத கதவு மாதிரி கத்துது, எதையாவது மாட்டி விடுங்கன்னார். சத்தத்தைச் சுழற்றுற பெட்டியை மாட்டினேன், தலை சுத்துதுன்னார். பெரிய கூடத்துல பாடுற மாதிரி முழங்க வைக்கிற ஸ்பிரிங் ரிவெர்ப் மாட்டினேன், அந்தத் தடிச்ச சத்தம் நனைஞ்ச மெத்தை மாதிரி ஆயிடுச்சு. புதுசா வந்த டிஜிட்டல் டிலே இருந்தது. அது ஒவ்வொரு தடவையும் அசல் மாதிரியே திருப்பிச் சொல்லும், ரெண்டும் சண்டை போட்டுக்கும். கடைசில மூலைல கெடந்த நாடா பெட்டியை மாட்டினேன். நாடால சத்தம் திரும்பத் திரும்ப மங்கிக்கிட்டே போகும். முன்னால பாடுறவனுக்கு இடம் விட்டுப் பின்னால நிக்கும். இவர் அப்படியே உக்காந்துட்டார். ஆறு மாசத்துல கல்யாணம்."

"எங்க வீட்டுக்காரியும் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்வா. ஆனா மங்காது" என்றார் சோவா.

மென்சிமா பையிலிருந்து இன்னொரு கேசட்டை எடுத்தாள். எண்பத்தைந்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் பதிந்தது. அராபா இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, கையில் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு பத்து எதிரொலிகளை எண்ணினாள். பழையதில் பத்துக்கு ஆறு விநாடி. புதியதிலும் ஆறு விநாடி.

"ஒரே பெட்டி, ஒரே இடைவெளி. இதுல என்ன அதிசயம்?" என்றார் சோவா.

"இடைவெளியை மாத்துற பிடி வேலை செய்யுமா, அக்கா?" என்று மென்சிமாவிடம் கேட்டாள் அராபா.

"நான் பாக்கும்போதே துருப்பிடிச்சு இறுகிப் போயிருந்தது. அசையாது."

"அதுதான் அதிசயம், அண்ணே. ரேடியோல எங்ககிட்டயும் ஒண்ணு இருந்தது, இது அமெரிக்காவுக்குன்னு செஞ்ச பெட்டி. அங்க கரண்ட் விநாடிக்கு அறுபது தடவை துடிக்கும், நம்ம ஊர்ல அம்பதுதான். நாம டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்டேஜைக் குறைச்சுட்டு எல்லாம் சரியாச்சுன்னு நெனச்சுக்குவோம். துடிப்பை யாரும் கவனிக்க மாட்டாங்க. மோட்டார் அதைப் பாத்துத்தான் சுத்தும். அதனால இங்க அது சோம்பேறியா சுத்தும், எக்கோ லேட்டா வரும். இதே பெட்டி நியூயார்க்ல பத்து எக்கோவை அஞ்சு விநாடில முடிச்சிருக்கணும்."

சோவா அம்பது, அறுபது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"இந்தக் கேசட் அமெரிக்கால பதிஞ்சதில்ல" என்றாள் அராபா. "மார்ச், ஏப்ரல்ல அமெரிக்கால இல்லாத மனுஷன், மே மாசம் அமெரிக்கால எப்படிச் செத்தார்?"

மென்சிமா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அது அதிர்ச்சி என்றுதான் அராபா அப்போது நினைத்தாள். காது கூர்மையானவர்களுக்குக் கண் சில சமயம் மந்தம்தான்.

"ஆனா ஜெர்மனிலயும் அம்பதுதானே? லண்டன்லயும்?" என்றார் சோவா. "உலகத்துல பாதி ஊரைத் தேடணுமே, மேடம். பெட்ரோல் யாரு போடுவா?"

அராபா ஒலியை உச்சத்துக்கு ஏற்றினாள். பாட்டு முடிந்து, கடைசி எதிரொலியும் மங்கி, வெறும் இரைச்சல் ஓடியது. அந்த இரைச்சலுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, யாரோ ஃபாண்டே மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். "...குழந்தைக்கு ஒரு ஸ்பூன், பெரியவங்களுக்கு ரெண்டு ஸ்பூன், காலைல வெளிய போகும்போது பூச்சி தானா..."

"அந்தப் பெட்டிக்கு நாடா தேஞ்சா மாத்தணும்" என்றாள் அராபா. "புதுசு எங்கயும் கிடைக்காது. பழைய எயிட் டிராக் கேசட்டைப் பிரிச்சு அந்த நாடாவைத்தான் வெட்டி ஒட்டுவாங்க. அழிக்கிற பகுதி பலவீனமாயிட்டா, முன்னாடி அதுல இருந்தது அடில தங்கிடும். இந்த ஆளு யாருன்னு கண்டுபிடிச்சா..."

"டாக்டர் ஓபிரி!" சோவா எழுந்தே விட்டார். "வயித்துப் பூச்சி மருந்து ஓபிரி! ஸ்வேட்ரு லாரி ஸ்டாண்டு! எழுபத்தெட்டுல எத்தனை பஸ்ஸுல இந்தக் குரல் ஓடுச்சு தெரியுமா? நானே ரெண்டு ஸ்பூன் குடிச்சிருக்கேன்."

"வேலை செஞ்சுதா?"

"மூணு நாள் டாக்சி ஓட்டல."

ஸ்வேட்ரு இரண்டு மணி நேரப் பயணம். மென்சிமாவை வீட்டில் இறக்கிவிட்டு, வழியில் கசோவாவில் வாங்கிய வாட்சே என்கிற காராமணிச் சோற்றை இலையோடு மடியில் வைத்துத் தின்றபடியே போனார்கள். வழி நெடுக சோவா கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்: கடத்தப்பட்டாரா, சிறையில் இருக்கிறாரா, வேறொரு பெண்ணா. பெண் என்றே முடிவு கட்டினார். அராபாவுக்கும் அதுதான் தோன்றியது, அது பிடிக்கவில்லை.

டாக்டர் ஓபிரிக்கு எழுபது வயது. டாக்டர் பட்டம் அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டது. லாரி ஸ்டாண்டு மூலையில் குடை விரித்து, பாட்டில்களை வரிசையாக வைத்து உட்கார்ந்திருந்தார். மைக் வேறு கையில்.

"சிஸ்டர், உங்களைப் பாத்தாலே தெரியுது, வயித்துல..."

"வயித்துல ஒண்ணுமில்ல, தாத்தா. உங்க பழைய எயிட் டிராக் கேசட் எல்லாம் என்ன ஆச்சு?"

"அதுவா? ஒரு பெட்டி நிறைய வீட்டுல கெடந்தது. ரேடியோ ரிப்பேர்காரன் கேட்டான், குடுத்துட்டேன். நல்ல ஆளு. பதிலுக்கு இந்த ஆம்ப்ளிஃபயரைச் சரி பண்ணிக் குடுத்தான். பாருங்க எப்படிக் கேக்குதுன்னு." அவர் மைக்கில் ஒரு தடவை இருமினார். ஸ்டாண்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"பேரு?"

"பேரு என்னவோ. எல்லாரும் மௌனசாமின்னுதான் சொல்றோம். பேசவே மாட்டான். சாயங்காலமானா அதோ அந்தக் கிறிஸ்தவ சபைக்குப் பின்னால எதையாவது வாசிச்சுக்கிட்டு இருப்பான். நாலு வருஷமா இங்கதான் இருக்கான்."

"பொண்டாட்டி?" என்றார் சோவா, ஆவலோடு.

"யாரும் கிடையாது. சமைச்சுப் போடக்கூட ஆளில்ல. என் பேத்திதான் சமயத்துல ரெண்டு சோளக் கெங்கே உருண்டை குடுப்பா."

சோவாவின் கணக்கு அங்கேயே தோற்றது. அராபாவுக்கு ஏனோ அது ஆறுதலாக இல்லை. வேறொரு பெண் இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

தகரக் கூரை போட்ட சபைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. நெருங்கும்போதே கேட்டது. ஒரு சுரம். காத்திருப்பு. அதன் எதிரொலி. பிறகுதான் அடுத்த சுரம். வாசிப்பவர் ஒவ்வொரு தடவையும் எதிரொலி வந்து சேரும்வரை பொறுத்திருந்து, அதற்கு வழிவிட்டு அடுத்ததைத் தொட்டார். அராபா கதவைத் தட்டினாள். வாசிப்பு நின்றது, எதிரொலி மட்டும் இன்னும் இரண்டு முறை வந்துவிட்டு அடங்கியது.

கதவைத் திறந்தவர் போஸ்டரில் இருந்தவர்தான். கோட்டு இல்லை, சிரிப்பும் இல்லை. நாலு ரேடியோக்கள், ஒரு கட்டில், ஒரு மேசை. மேசைமேல் சிந்தசைசரும் அதன் பக்கத்தில் பச்சை நிற நாடா பெட்டியும்.

"மிஸ்டர் பைடூ, சனிக்கிழமை உங்க சாவுக்கு எங்களையும் கூப்பிட்டிருக்காங்க. அதான் முன்கூட்டியே பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றாள் அராபா.

அவர் ஓடப் பார்க்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே, யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று நாலு வருடம் காத்திருந்தது தெரிந்தது.

"அவ அனுப்பினாளா?"

"ஆமா. கேசட் நேத்து வந்தது."

"கேசட்டா..." நெற்றியில் அறைந்துகொண்டார். "அது போய்ட்டிருக்குங்கிறதையே மறந்துட்டேன். இங்கேருந்து போறவங்க கைல குடுத்தனுப்புவேன், அன்சா அங்கேருந்து ஸ்டாம்ப் ஒட்டிப் போடுவான்."

"அன்சாவை போன் பண்ணச் சொன்னதும் நீங்கதானா?"

"ஆமா."

"ஏன்?"

அவர் எட்டி நாடா பெட்டியின் சுவிட்சை அணைத்தார். பிறகு, யாருக்கோ கணக்கு ஒப்பிப்பதுபோல, சொல்லிக்கொண்டே போனார். தொண்ணூறில் வேலை செய்த தொழிற்சாலைக்குள் குடியேற்ற அதிகாரிகள் புகுந்தார்கள். காகிதம் இல்லாதவர்களைக் கையில் விலங்கு போட்டு விமானத்தில் ஏற்றினார்கள். அக்ராவில் இறங்கும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு சட்டை. வாத்தியங்களை அன்சா பின்னால் கப்பலில் அனுப்பினான்.

"ஏர்போர்ட்டுக்கு வெளிய நின்னேன், சிஸ்டர். வீடு டாக்சில அரைமணி நேரம். என்னை வழியனுப்ப முப்பது பேர் வந்தாங்க. மாமா ஆடு வெட்டினார். அந்த வாசல்ல பிளாஸ்டிக் பையோட எப்படி நிப்பேன்? ஒரு வருஷம் இங்க சம்பாதிச்சுட்டு, நல்ல சட்டை போட்டுக்கிட்டு, இப்பத்தான் இறங்கினேன்னு போய் நிக்கலாம்னு நெனச்சேன். ஒரு வருஷம் நாலு வருஷமாச்சு. ரேடியோ ரிப்பேர்ல என்ன கிடைக்கும்?"

"சரி, அதுக்காக எதுக்குச் சாகணும்? இப்படியே இருந்திருக்கலாமே" என்றார் சோவா. அவர் குரலில் கிண்டல் போயிருந்தது.

எபோ தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். மென்சிமாவின் கையெழுத்து. அன்சா வழியாக, கடலை இரண்டு தடவை தாண்டி வந்திருந்தது. *குக்குவாவுக்கு அங்கே பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. செப்டம்பரில் வருகிறாள். உங்களோடுதான் தங்கப்போகிறாள். ஏர்போர்ட்டில் அப்பா வந்து நிற்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம்.*

"எந்த ஏர்போர்ட்ல போய் நிக்கட்டும், சொல்லுங்க?" என்றார். "அவளை நாலு வயசுல விட்டுட்டுப் போனேன். அமெரிக்கால இறங்கி, அப்பா எங்கன்னு தேடி, ஸ்வேட்ருல பூச்சி மருந்துக்காரனுக்கு மைக் ரிப்பேர் பண்றார்னு தெரிஞ்சுக்கணுமா அவ? செத்துட்டா அழுவா, அப்புறம் தலை நிமிர்ந்து நடப்பா. மென்சிமாவும் இன்னொருத்தரைப் பாத்துக்கலாம். சாகறது ரெண்டு பேருக்கும் நல்லது."

"உங்களுக்கு?"

அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கி, மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

அராபாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு வருடம் ஒரு பெண்ணைக் காக்கவைத்துவிட்டு, இப்போது அவளுக்கு நல்லது செய்கிறேன் என்கிறாரே மனிதர். ஆனால் அவருடைய சட்டைக் காலரைப் பார்த்தாள். நைந்துபோனதைப் பிரித்து, திருப்பி, தானே தைத்திருந்தார்.

"சனிக்கிழமை பத்து மணி. மாம்ப்ரொபி. வழி உங்களுக்கே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலை மாம்ப்ரொபியில், சடங்குக்காக அடுக்கியிருந்த வாடகை நாற்காலிகளுக்கு நடுவே, மென்சிமா அவளைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனாள். அராபா எப்படி ஆரம்பிப்பது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். அதற்கு அவசியமே இருக்கவில்லை.

"எந்த ஊரு?" என்று கேட்டாள் மென்சிமா.

"ஸ்வேட்ரு." அராபா நிமிர்ந்து பார்த்தாள். "எந்த ஊருன்னு கேக்கறீங்க. உயிரோட இருக்காரான்னு கேக்கல."

"அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தவ நான், தங்கச்சி. அது எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியாதா? முதல் மூணு வருஷம் வந்த கேசட்ல எக்கோ அவசர அவசரமா வரும். இவர் விரல் இங்கத்து நடைக்குப் பழகினது, அங்க தடுமாறும். அதைக் கேக்கும்போதெல்லாம், பாவம், அந்நிய ஊர்ல இருக்கார்னு நெனச்சுக்குவேன். தொண்ணூறு கிறிஸ்துமஸுக்கு வந்த கேசட்ல எக்கோ பழையபடி பொறுமையா வந்தது. விரல் தடுமாறவே இல்ல. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, மனுஷன் ஊருக்கு வந்துட்டார்னு."

"நாலு வருஷமா தெரியுமா?"

"வெறுங்கையோட வந்திருக்கார், அதான் ஒளிஞ்சிருக்கார்னு புரிஞ்சது. நானே தேடிப் போய் எல்லாம் தெரியும்னு சொன்னா அவர் முகத்தை எங்க வெச்சுக்குவார்? தானா வரட்டும்னு விட்டேன். தினம் ரெண்டு பேருக்குன்னு மீன் வறுப்பேன். மகளுக்கு எடுத்து வெச்சதுன்னு சொல்வேன்."

கோழி ஒன்று அவர்கள் காலடியில் கிளறிக்கொண்டிருந்தது. மென்சிமா அதை விரட்டவில்லை.

"அப்புறம் பொறுமை போச்சு. குக்குவா வர்றான்னு எழுதினேன். அது பொய். அவளுக்கு பாஸ்போர்ட்டே கிடையாது. அப்படி எழுதினா வேற வழியே இல்லாம உண்மையைச் சொல்லி வந்துடுவார்னு நெனச்சேன். வாசல்லயே உக்காந்திருந்தேன். ஆறு வாரம். அப்பத்தான் போன் வந்தது."

அராபா தன் தொழிலில் எத்தனையோ முடிச்சை அவிழ்த்திருக்கிறாள். இப்படி ஒன்றை அவிழ்த்ததில்லை. அவரை வீட்டுக்கு இழுக்க இவள் போட்ட தூண்டிலே அவரைக் கொன்றிருக்கிறது.

"நெஜமாவே நெஞ்சு வலி வந்து செத்துட்டாரோன்னு ஒரு பயம். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்" என்றாள் மென்சிமா. "இப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சாவுச் செய்தியை அன்சா தானாவே சொன்னானா, இவர் சொல்லச் சொன்னாரா?"

பொய் சொல்ல அராபா எவ்வளவோ ஆசைப்பட்டாள். எதிரே இருந்த காதிடம் அது செல்லாது.

"அவர்தான் சொல்லச் சொன்னார், அக்கா."

மென்சிமா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் அழுதாள், சத்தமில்லாமல், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு. அராபா பக்கத்திலேயே நின்றாள்.

"நிறுத்திடலாம் அக்கா. மாமாகிட்ட நான் பேசறேன்."

"பேசி? ஊரே ஸ்வேட்ருக்குப் போய் வேடிக்கை பாக்கட்டுமா? ஏழு வருஷத்துல என்கிட்ட அவர் கேட்டது இது ஒண்ணுதான். செத்துட்டதா வெச்சுக்கோன்னு. கேட்டதைக் குடுத்துடறேன்."

"குக்குவா?"

"அப்பா செத்துட்டார்ங்கிறதைத் தாங்கிக்குவா. கிட்டயே இருந்துக்கிட்டு வரலைங்கிறதை இந்த வயசுல தாங்க மாட்டா. ஒரு நாள் நானே சொல்வேன்."

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. கூடாரத்துக்குள் கறுப்பும் சிவப்புமாகத் துக்க உடையில் இருநூறு பேர். சடங்குக்கு வந்தவர்கள் வரிசையாகப் போய் வலமிருந்து இடமாகக் குடும்பத்தாருக்குக் கை கொடுத்தார்கள். பெரிய பெரிய ஸ்பீக்கர்கள் தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. மென்சிமா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கைம்பெண் தலையில் கட்டவேண்டிய கறுப்புத் துணி மடித்தபடியே அவள் மடியில் கிடந்தது. எபோவின் அத்தை மூன்று தடவை குனிந்து கட்டச் சொல்லிவிட்டாள். மூன்று தடவையும் "இருங்க, கட்டறேன்" என்றாள்.

பதினொன்றரை மணிக்கு சோவா, அராபாவின் முழங்கையை இடித்தார்.

"மேடம், பொணம் வந்திருக்கு."

தெருவுக்கு எதிர்ப்பக்கம், கெங்கே விற்கிறவளின் அடுப்புக்குப் பின்னால், வேப்பமர நிழலில் ஒருவர் நின்றார். தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார். புதிதாக இஸ்திரி போட்ட சட்டை. அராபா சட்டென்று மென்சிமாவைப் பார்த்தாள். மென்சிமாவின் கண் எப்போதோ அங்கே போயிருந்தது.

தாய்மாமன் மைக்கை அவளிடம் நீட்டினார். இறந்தவரிடம் மனைவி கடைசியாகப் பேசுவது வழக்கம். எல்லாப் பெண்களும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள்: ஏன் போனாய், எங்களை யாரிடம் விட்டாய். மென்சிமா எழுந்தாள். அவள் பார்த்தது பூமாலை போட்ட படத்தை அல்ல, தெருவை.

"எபோ" என்றாள். ஸ்பீக்கர்கள் அந்தப் பெயரைத் தெருவுக்கு அப்பால் கொண்டுபோயின. "உங்க கைல என்ன இருக்குன்னு நான் எப்பவாவது பாத்திருக்கேனா? உங்களைத்தானே பாத்தேன். நம்ம வீட்டுக் கதவை நான் பூட்டினதே இல்ல. இப்பவும் பூட்டல. மாமா திட்டட்டும், ஊரு சிரிக்கட்டும். எல்லாம் ஒரு வாரம்தான். வந்துடுங்க. நடந்து வந்துடுங்க, எபோ."

கூடாரத்தில் பெண்கள் ஓவென்று அழுதார்கள். துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தார்கள். குக்குவா அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

வேப்பமரத்தடியில் இருந்தவர் தொப்பியைக் கழற்றினார். நிழலிலிருந்து வெளியே வந்து தெரு விளிம்புக்கு வந்தார். ஒரு காலைத் தார் ரோட்டில் வைத்தார். அராபா மூச்சு விடவில்லை. சோவா, தன் வாழ்நாளில் முதல் தடவையாக இருக்கவேண்டும், வாயில் கையை வைத்துப் பொத்திக்கொண்டார்.

ட்ரோட்ரோ என்கிற ஷேர் வேன் ஒன்று குறுக்கே வந்து நின்றது. கதவில் தொங்கியவன் "கனேஷி, கனேஷி, ஒரே ஒரு இடம்!" என்று கத்தினான். யாரோ இறங்கினார்கள். கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. வேன் புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்தது.

எதிர்ப்பக்கத்தில் கெங்கே விற்கிறவள் மட்டும் இருந்தாள்.

மென்சிமா மைக்கைக் கீழே வைக்காமல் நின்றாள். இன்னொரு வேன் வந்து போயிற்று. அதற்குப் பின் ஒரு லாரி. மாமா மெல்ல அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அவள் உட்கார்ந்து, மடியில் கிடந்த கறுப்புத் துணியை எடுத்து உதறி, தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல, காலைலயே கட்டியிருக்கலாம்" என்றாள் அத்தை.

"அப்ப அவர் சாகல, அத்தை" என்றாள் மென்சிமா.